முதலில் போவது குருவிச் சத்தம்

சிவனாண்டிக்குக் குருவி என்றாலே ஆகாது. குருவிகுளத்துக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் பிறந்தவன். கம்பும் சோளமும் பால் பிடிக்கிற பருவத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பரண்மேல் ஏறி நின்று தகர டப்பாவைத் தட்டியே வளர்ந்தவன். அவனுக்கும் குருவிகளுக்கும் நடந்தது பங்காளிச் சண்டை. விதைத்தவனுக்குப் பாதி, விதைக்காத கழுதைகளுக்குப் பாதியா என்று அவனுடைய அப்பா வானத்தைப் பார்த்துக் காறித் துப்புவார். மழை பொய்த்து அந்தப் பாதிக்கும் வழியில்லாமல் போன எழுபத்தைந்தாம் வருஷம் சிவனாண்டி சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறினான். ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கண்கலங்கினான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசைத்தறியில் வேலை என்றதும் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரிக்கொண்டுதான் போனான்.

தறி செட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கு, தான் தகர டப்பா தட்டியதெல்லாம் ஒரு சத்தமே இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோனது. முப்பது தறிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. உள்ளே யாரும் பேசவில்லை. வாய் மட்டும் அசைந்தது. மீசையை நீவிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். சுண்டுவிரலைக் கொக்கி போட்டு இழுத்தால் நூல் அறுந்திருக்கிறது. மற்றதையெல்லாம் எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சிவனாண்டி இதில் கெட்டிக்காரன். ஆறு மாதத்தில் நாலு தறி தள்ளி நிற்கிறவன் முணுமுணுக்கிற கெட்ட வார்த்தையைக்கூட உதட்டிலிருந்து பிடுங்கிவிடுவான். பக்கத்துத் தறிக்காரன் காளிராஜும் அவனும் காலையில் ஆரம்பித்த சண்டையை ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசாமல் சாயங்காலம்வரை நடத்துவார்கள். சிவனாண்டிக்கு இந்த வித்தையில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அந்த வித்தைதான் பின்னால் அவனை ஏமாற்றப்போகிறது என்று அப்போது அவனுக்கு யார் சொல்வது?

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆறுமுகத்தாயைக் கட்டிக்கொண்டு வந்தான். ஒரே வாசலும் நடுவில் முற்றமும் சுற்றி ஒற்றை அறை வீடுகளுமாக இருந்த ஒரு வளவில் குடியிருந்தார்கள். ஆறுமுகத்தாய் பேச ஆரம்பித்தால் உலை கொதித்து வடிந்தாலும் நிறுத்தமாட்டாள். அவள் பேசும்போது சிவனாண்டி அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான். வளவுப் பெண்களுக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். அவர்களுடைய வீட்டுக்காரர்களெல்லாம் சுவரைப் பார்த்து ‘உம்’ கொட்டுகிற ஜாதி. மகள் கோமதித்தாய் பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை என்பதில் ஆறுமுகத்தாய்க்கு உள்ளூரப் பெருமை.

ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் காளிராஜ் பேச்சை ஆரம்பித்தான்.

“ஏலே, தறிக்காரன் காது ஒரே நாளுல போகாது, தெரியுமா? வரிசையாத்தான் போகும். மொதல்ல குருவிச் சத்தம். அடுத்தாப்புல பல்லி. அதுக்குப் பொறவு பிள்ளச் சத்தம். பொண்டாட்டி சத்தம் கடைசிலதான் போகும். அதுவும் போயிட்டுன்னா நம்மள மாதிரி நிம்மதியான மனுசன் இந்த ஊர்ல கெடையாது, பாத்துக்க.”

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. இருபது வருஷம் தறியில் நின்ற பரமசிவன் அண்ணாச்சி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காளிராஜ் சொன்னது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். சிவனாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தான்.

இது நடந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தறி ஓடாத நாள். வளவு வாசலில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜோடிக் குருவி கூடு வைத்திருந்தது. சிவனாண்டி வேப்பங்குச்சியால் பல் துலக்கியபடி அதைச் சும்மா அண்ணாந்து பார்த்தான். ஆண் குருவி கொடிக்கயிற்றில் உட்கார்ந்து வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. தொண்டை முடி சிலிர்த்துத் துடித்தது. வால் ஒவ்வொரு தடவையும் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவன் இன்னும் கிட்டப் போனான். குருவி கத்திக்கொண்டேதான் இருந்தது. அவனுக்குள் தறி செட்டின் மிச்சம் மாதிரி ஒரு ‘ங்ஙொய்’ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டிப் பார்த்தான். கேட்டது. கூரையில் காக்கை கரைந்தது. கேட்டது. குருவியைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது.

ஆறுமுகத்தாய் வாசலுக்கு வந்தாள். அவள் உதடு அசைந்தது. “இது போடுத கூப்பாட்டுல பிள்ள முழிச்சிரும் போலுக்கே.”

“ஆமா, பெரிய கூப்பாடுதான்” என்றான் சிவனாண்டி.

அன்றையிலிருந்து பயம் அவனோடு ஒரே பாயில் படுத்தது. யாரிடம் சொல்வது? காளிராஜிடம் சொன்னால் மறுநாளே டீக்கடையில் அவன்தான் ஓரத்து அண்ணாச்சி. மேஸ்திரி காதுக்குப் போனால் வேலை போய்விடும், தறி அடி பிசகுகிறது தெரியாதவனை எந்தத் தறியில் நிறுத்துவார்கள்? ஆறுமுகத்தாயிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு, தன்னை ஒரு முழு மனுஷனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறது. அதை உடைப்பானேன்?

கழிவுப் பஞ்சைத் திரித்துக் காதில் செருகிக்கொண்டு தறியில் நின்றான். அரை முழம் துணி பழுதாகி, மேஸ்திரி வந்து அந்தப் பஞ்சைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தார். கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து தண்ணீரில் குழைத்துக் காதுக்குப் பின்னால் பூசிக்கொண்டான். கேட்டவர்களிடம் வேனல் கட்டி என்றான். குருவிகளுக்குக் குருணை போட ஆரம்பித்தான். தகர டப்பா தட்டி அவற்றின் வயிற்றில் அடித்தவன், இன்றைக்கு முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கை குருணையை இறைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை கேட்டுவிடாதா என்று பிச்சைக்காரன் மாதிரி காத்திருந்தான். லஞ்சம் வாங்குகிற ஆளா குருவி? குருணையைத் தின்றுவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டுப் பறந்தது.

அடுத்து பல்லி. சுவரில் பல்லி சொன்னால் ஆறுமுகத்தாய் பேச்சை நிறுத்தி, விரலை மடக்கித் தரையில் தட்டுவாள். சொல்லுகிற பேச்சுக்குப் பல்லி சாட்சி சொன்னதாகக் கணக்கு. அவள் தட்டுகிறாள், பல்லி எப்போது சொன்னது? சிவனாண்டியும் அவசரமாகத் தரையில் தட்டினான். அவளுக்குப் பின்னால்தான் அவன் விரல் விழுந்தது. அவள் அதைக் கவனித்தாளோ என்று முகத்தைப் பார்த்தான். நல்லவேளை, அவள் அடுத்த கதைக்குப் போய்விட்டாள். குருவி போயிற்று, பல்லியும் போயிற்று. காளிராஜ் சொன்ன வரிசை ஒரு படிகூடப் பிசகவில்லை.

இப்போதுதான் அவனுக்கு உலகத்தில் எவ்வளவு சத்தம் சும்மாவே கிடைத்துக்கொண்டிருந்தது என்று உறைத்தது. முருங்கைமரத்து அணில், சாணி உருட்டுகிற வண்டு, வெயிலில் வெடிக்கிற காய்ந்த நெற்று, சட்டிக்குள் தவிடு தேடுகிற கோழிக்குஞ்சு. இவற்றையெல்லாம் எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை. கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்டவைக்கு யார் நாள் குறித்து வைப்பார்கள்? அவனுக்கு அழுகை வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து அழுகிற ஆம்பளையை வளவில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அதையும் விழுங்கிக்கொண்டான்.

ஆனால் ஒரு தைரியம் பாக்கி இருந்தது. கோமதித்தாய் “எப்பா” என்று கூப்பிடுவது கேட்டது. ஆறுமுகத்தாய் சொல்கிற நூறு கதையும் கேட்டது. பிள்ளைச் சத்தம் இருக்கிறவரை நமக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தறியில் இருந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து, “எப்பா சொல்லு” என்பான். அவள் சொல்வாள். அன்றைய ராத்திரித் தூக்கத்துக்கு அது போதும்.

அந்த வருஷம் ஆடித்தபசு. தெற்கு ரத வீதியில் மனிதத் தலை தவிர வேறொன்றும் தெரியவில்லை. கோமதி அம்மன் தபசுக் காட்சிக்கு நிற்கிறாள். காட்டில் விளைந்ததை அம்மனுக்குச் சூறை விடுகிறவர்கள் பருத்தியும் வத்தலும் கம்புமாக அள்ளி அள்ளி வீசினார்கள். ஆறுமுகத்தாய் சொந்தக்காரப் பெண்களோடு கோவிலுக்குள் இருந்தாள். சிவனாண்டி நாலு வயசு கோமதித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றான். அவன் காலடியில் ஒரு பருத்திச் சுளை வந்து விழுந்தது. வீட்டில் வைத்தால் நல்லது என்று குனிந்து எடுத்தான். எடுப்பதற்குப் பிள்ளையின் கையை விட்டான். நிமிர்வதற்குள் கூட்டம் ஒரு நெட்டு நெட்டியது. பிள்ளை முன்னால்தான் தள்ளப்பட்டிருப்பாள் என்று நினைத்து, “கோமு, கோமு” என்று கத்திக்கொண்டே முன்னால் போனான்.

முன்னால் இல்லை. தேர் நிற்கிற இடம்வரை போனான். இல்லை. காதுக்குள் ‘ங்ஙொய்’ என்று ஒரு தறி ஓடியது. சுற்றிலும் ஆயிரம் வாய் திறந்து திறந்து மூடியது. எந்த வாய் என்ன சொல்கிறது என்று பார்ப்பது? ஒருத்தி வாயைத் திறந்தால் தன் பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் போய்ப் பார்த்தான். அவள் பயந்து விலகினாள். கிணறு இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது, பிள்ளை பிடிக்கிறவன் இருக்கிறான் என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. வந்த வழியே திரும்பி ஓடினான்.

பார்வதியம்மாள் என்று ஒரு வளையல்காரி. பந்தல்காலைச் சாய்ந்து கடை விரித்திருந்தாள். அவள் மடியில் கோமதித்தாய் தேம்பிக்கொண்டிருந்தாள். சிவனாண்டி பிள்ளையை வாரி எடுத்தான். வளையல்காரி விட்டால்தானே! அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இப்போது அவள் உதடு அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஒம்ம முதுகுக்குப் பின்னாலயே நின்னு பச்சப்பிள்ள தொண்ட கிழியக் கத்துச்சி வே. எப்பா எப்பான்னு. திரும்பாமப் போறீரு. நானும் சேந்து கத்துதேன். போய்க்கிட்டே இருக்கீரு. நீரு என்ன செவிடா?”

கோமதித்தாய் அவன் தோளில் முகம் புதைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுச் சூடு கழுத்தில் பட்டது. முகம் தெரியவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

நெரிசலுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டான். பிள்ளைச் சத்தம் எப்போதோ போய்விட்டிருக்கிறது. இத்தனை நாளும் அவன் அதைக் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். செட்டுக்குள் கற்ற வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்து, உதட்டைப் படித்துப் படித்து, காது இருக்கிறது என்று தன்னையே நம்பவைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நம்பவில்லை. “சும்மா வெளாடாதீய” என்றாள். மறுநாள் மத்தியானம் அவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு அவன் பின்னால் போய் நின்றாள். சிவனாண்டி சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப தூரத்தில் யாரோ வாளியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான். வெகு நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவளுடைய கையை விலக்கி, உதட்டைப் பார்த்தான்.

“எம் மூஞ்சியவே பாக்கீயன்னு வளவு பூரா சொல்லிச் சொல்லிப் பெருமப்பட்டேனே” என்றாள்.

“பாக்கப் பிடிச்சித்தான் பாத்தேன்ட்டி” என்றான் சிவனாண்டி. அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போனது வராது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தறிச் சத்தத்தை விட்டு விலகு என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். விலகி எங்கே போவது? குருவிகுளத்துக்குப் போய்க் கம்பு விதைக்க மழை யார் தருவார்? ஆறுமுகத்தாய்தான் நாலு இடம் அலைந்து வழி கண்டுபிடித்தாள். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், ஓடைக்கரை உடைமரங்களை ஒட்டி, கைத்தறிக்காரர்களுக்குப் பாவு போட்டுக் கொடுக்கிற ஒரு கூட்டம் இருந்தது. நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷால் நீவி நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைக்கிற வேலை. கூலி தறியில் பாதிதான். சத்தம் இல்லாத வேலை என்பதால் சிவனாண்டி போனான்.

சத்தமில்லாத இடம் அவனை இன்னும் பயமுறுத்தியது. செட்டில் எல்லாருமே செவிடு, அதனால் அவனும் எல்லாரையும் போலத்தான் இருந்தான். இங்கே மற்றவர்கள் பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தபடி, முகத்தைக்கூடப் பார்க்காமல் பேசிச் சிரித்தார்கள். அவன் குனிந்து பிரஷ் ஓட்டினான். உடைமரத்தில் குருவிகள் வந்து அடைந்தன. வாய் திறந்து மூடின. மிச்சமிருக்கிற காதும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதோ என்று பிரஷை நிறுத்திவிட்டுக் கைதட்டிப் பார்ப்பான். கூட வேலை பார்த்த பூமாரி முதலில் சிரித்தாள், பிறகு பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. மழை வந்தால் பாவு கெட்டுவிடும் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி அவசரமாக நீவிக்கொண்டிருந்தார்கள். சிவனாண்டிக்கு ஏதோ கேட்டது.

உம், உம், உம், உம்.

பிரஷ் நின்றது. காதே தன்னிடம் விளையாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தான். பரமசிவன் அண்ணாச்சிக்குக் கடைசிக் காலத்தில் கோவில் மணி கேட்டுக்கொண்டே இருந்ததாம். நமக்கும் அந்த நிலைமை வந்துவிட்டதா? பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். உம், உம், உம். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தான். உடைமரப் புதருக்குள்ளிருந்து செங்கல் நிற இறக்கையோடு ஒரு செம்போத்து வெளியே வந்து, மழைக்குப் பயந்தவன் மாதிரி தாழப் பறந்து அடுத்த புதருக்குள் போனது. அங்கே போய் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. உம், உம், உம்.

கேட்கிறது. உதடே இல்லாத ஒன்று, முகத்தை ஒளித்துக்கொண்டு புதருக்குள்ளிருந்து கூப்பிடுகிறது, அது கேட்கிறது!

சிவனாண்டி கஞ்சிக் கையைக் கூப்பிப் புதரைப் பார்த்துக் கும்பிட்டான். பூமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கவலைப்படவில்லை. செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்பார்கள். காதில் பட்டால் என்ன பலன் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். கட்டைக் குரல் அவனுக்குக் கேட்கிறது. அப்புறம் அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தான். மணிப்புறா கேட்டது. ஓடையில் முட்டி மோதி வருகிற தண்ணீர் கேட்டது. இடி கேட்டது. இடிக்குப் பயந்து எல்லாரும் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடும்போது அவன் மட்டும் நின்று இன்னொரு இடிக்குக் காத்திருப்பான். எல்லாம் இருக்கிறவன் இதையெல்லாம் ஒரு பொருட்டாக மதிக்கமாட்டான். இவன் தினமும் காலையில் எழுந்ததும் இவை இன்றைக்கும் இருக்க வேண்டுமே என்று பயந்து, இருந்தால் மனசார நன்றி சொல்லிவிட்டுத்தான் பிரஷை எடுத்தான்.

வீட்டில் ஆறுமுகத்தாயிடம் செம்போத்துக் கதையை நடித்தே காட்டினான். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததே அதிசயம்.

தை பிறந்து சில நாள் கழித்து, அவன் பாவின் ஒரு முனையில் குனிந்து நூலை நீவிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டது. உம், உம். வழக்கத்தைவிட ரொம்பக் கிட்டத்தில். பறவை இவ்வளவு தைரியமாக இறங்கி வந்துவிட்டதா என்று மெதுவாக, அது பறந்துவிடாமல் திரும்பினான்.

கோமதித்தாய் நின்றுகொண்டிருந்தாள். தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்து, தாடையை நெஞ்சோடு அழுத்தி, கன்னத்தை உப்பி, கட்டைக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி ஆறுமுகத்தாய் முந்தானையைக் கையில் சுருட்டியபடி, அவன் திரும்புகிறானா என்று மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாளோ!

பிள்ளை நிமிர்ந்து, “எப்பா, கேட்டுச்சா?” என்று கேட்டாள். அதை அவன் உதட்டில்தான் படித்தான்.

சிவனாண்டி பிரஷைக் கீழே வைத்தான். மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கண்ணை இறுக மூடினான்.

“இன்னொரு தடவ கூப்பிடு மக்கா” என்றான்.